கவுன்ட்டருக்கு ஒரு ஆட்டிசம்

ஆட்டிசம் நோயா, இயல்பான வேறுபாடா? 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய நாளிலிருந்து உலகம் இதில் மண்டையை உடைத்துக்கொள்கிறது. வீண் சிரமம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வந்திருந்தால் அரை நாளில் விடை கிடைத்திருக்கும். எந்த விடையைச் சொன்னால் தன் பையிலிருந்து காசு போகாதோ, அதுதான் சரியான விடை. எல்லாக் கவுன்ட்டரிலும் இதையே கடைப்பிடிக்கிறார்கள். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பிறவித் திறமை.

பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். அங்கே அது நோய். “பையன் நல்ல பையன்தாங்க மேடம். ஆனா எங்ககிட்ட அதுக்கு வசதி இல்லை. டாக்டர்கிட்ட காட்டி, கொஞ்சம் சரியானதும் கூட்டிட்டு வாங்க.” சரியானதும்! ஏதோ அம்மை போட்டிருப்பதுபோல. தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஜூன் மாதம் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான். ஆட்டிசம் அதில் இல்லை. புதிய சட்டத்தில் இருபத்தொன்று. ஆட்டிசம் உண்டு. பாகுபாடு காட்டாமல் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மீறினால்? முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய். எல்.கே.ஜி. வேன் கட்டணத்தில் கட்டிவிட்டு மீதியில் டீ குடிக்கலாம். அதையும் எந்தப் பள்ளி கட்டியது என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

பெரிய மனது வைத்துச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. முழுக் கட்டணம். அதற்கு மேல் ‘ஷேடோ டீச்சர்’ வேண்டும். அவர் சம்பளமும் பெற்றோர் தலையில். ஆண்டு விழாவுக்கு மட்டும் ஒரு சின்ன வேண்டுகோள் வரும். “சத்தம் அதிகமா இருக்கும். அன்னைக்கு ஒருநாள் வீட்லயே வெச்சுக்குங்களேன். அவனுக்காகத்தான் சொல்றோம்.” எல்லாம் அவனுக்காகத்தான். உள்ளடக்கிய கல்வி என்ற பதாகை மட்டும் மேடையில் இருக்கும். அதற்கு இடம் இருக்கிறது.

அதே பிள்ளையைக் காப்பீட்டுக் கவுன்ட்டருக்கு அழைத்துப் போங்கள். நோய் பட்டென்று குணமாகிவிடும். “இது பிறவியிலேயே இருக்கிறது சார், நோய்னு எடுத்துக்க முடியாது.” மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு காப்பீட்டுத் திட்டமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டது. திட்டம் வந்தது. வண்ண விளம்பரத் தாளில் பிள்ளைகள் அழகாகச் சிரிக்கிறார்கள். பிரீமியம் என்ன என்று கேட்டால் சிரிப்பு நம் பக்கம் வருவதில்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தருகிறது. நல்ல திட்டம். அது இருப்பதே பலருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு சிக்கனம்.

மருத்துவமனையில் டாக்டர் சொல்வார்: “இதுக்கு மருந்து கிடையாதும்மா. தெரபிதான்.” உண்மையைச் சொல்லும் ஒரே கவுன்ட்டர் இது என்பதால் மரியாதையோடு கடந்துபோகிறேன். தெரபி எங்கே என்று கேட்டால் தனியார் அடுக்கு வீட்டின் முதல் மாடியைக் கைகாட்டுவார். அரசு மையம் எங்கோ தூரத்தில்; வேலைக்குப் போகிற தாய் வாரத்துக்கு மூன்று நாள் பிள்ளையோடு அங்கே போய்வருவது சுலபம் என்று திட்டம் போட்டவர் காரில் போய்ப் பார்த்து முடிவு செய்திருப்பார்.

ஓ.டி. என்றால் அம்பத்தூர்க்காரர்களுக்கு பஸ் ஸ்டாண்டு. எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு மிகைநேர வேலை. அவர் பிள்ளைக்கு ஆட்டிசம் என்றால் மூன்றாவது ஓ.டி. ஒன்று சேர்ந்துகொள்ளும்: ஆக்குபேஷனல் தெரபி. முக்கால் மணி நேரத்துக்குச் சில நூறு ரூபாய், வாரத்துக்கு மூன்று. அப்புறம் ஸ்பீச், அதற்குத் தனிக் காசு. மூன்றாவது ஓ.டி.க்குக் காசு கட்ட அப்பா இரண்டாவது ஓ.டி. பார்க்கிறார். முதல் ஓ.டி.யில் அம்மா பஸ்ஸுக்கு நிற்கிறார். இந்தப் பொருளாதாரத்துக்கு யாரும் இன்னும் நோபல் கொடுக்கவில்லை.

வருமான வரித் துறைக்கு அது நரம்பு விவகாரம். 80டிடி என்று பழகிப்போன கழிவு: எழுபத்தைந்தாயிரம், கடுமையான குறைபாடென்றால் ஒன்றேகால் லட்சம். ஆட்டிசம் உள்ளிட்ட சில குறைபாடுகளுக்குத் தனிப் படிவம் வைத்து, நரம்பியல் நிபுணரின் அல்லது அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவரின் கையெழுத்தைக் கேட்டார்கள். ஓடி ஓடி வாங்கினார்கள். பிறகு புதிய வரி முறை வந்தது. அதற்குள் போய்விட்டால் இந்தக் கழிவே கிடையாது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஒரே கையெழுத்தில் ஆட்டிசத்தைக் குணப்படுத்திவிட்டார். மருத்துவ உலகம் கவனிக்கவில்லை.

இப்போது சான்றிதழுக்கு வருவோம். கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது.

முதலில் நீங்கள் எந்த ஊர் என்று தெரிய வேண்டும். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஆட்டிசத்துக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆன்லைன் விண்ணப்பத்துக்குத் தெரியும். திருமுல்லைவாயலில் வாடகைக்கு இருந்துவிட்டு, ஆதாரில் கொரட்டூர் முகவரி வைத்திருக்கிறீர்களா? தீர்ந்தது. இரண்டு மாவட்டமும் உங்களை அடுத்த மாவட்டத்துக்கு அன்போடு அனுப்பிவைக்கும்.

சான்றிதழ் முகாமில் ஒரு தாயைப் பார்த்தேன். பையனுக்கு ஏழு வயதிருக்கும். கூடத்தில் மின்விசிறிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்பது அவனுக்கு முக்கியம். ஒன்று சுற்றவில்லை. அது அவனை வதைத்தது. திரும்பத் திரும்ப அதன் கீழேயே போய் நின்றான். “டேய், இங்க வா” என்று எவனோ அதட்டினான். மூன்று மணி நேரம் கழித்துப் பெயரைக் கூப்பிட்டார்கள். பையன் உள்ளே போனான். டாக்டரைப் பார்த்து, கையைக் கூப்பி, கணீரென்று சொன்னான்: “வணக்கம் சார்.”

தாய்க்கு முகம் வெளுத்தது. பெருமையில் அல்ல. பயத்தில்.

அந்த ‘வணக்கம் சார்’ சும்மா வந்ததா? எத்தனை மாத ஸ்பீச் தெரபி, எத்தனை ஓவர்டைம், எத்தனை முறை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தது! அது சரியாகப் பாழாய்ப்போன நாளில் வந்து தொலைத்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நல்லாத்தானேம்மா பேசறான்?”

கதை என்னவென்றால், மதிப்பீட்டுக்கு இந்திய ஆட்டிச அளவுகோல் என்று ஒன்று உண்டு. 2009இல் வந்தது. நாற்பது கேள்வி. கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா? தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா? சொன்னதையே சொல்கிறானா? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எழுபதுக்குக் கீழே வந்தால் ஆட்டிசமே இல்லை. எழுபது வந்தால் நாற்பது சதவீதம். நாற்பது சதவீதம் இருந்தால்தான் சலுகைகளின் வாசலே திறக்கும். ஆக, அறுபத்தொன்பது வாங்கியவன் அரசாங்கப் பார்வையில் பூரண குணம். நாட்டிலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோகட்டும் என்று பெற்றவள் வேண்டிக்கொள்ளும் ஒரே தேர்வு இதுதான். வருஷம் முழுக்க அவன் மற்ற பிள்ளைகளைப் போல ஆக வேண்டும் என்று செலவு செய். ஒரே ஒரு நாள் அவன் அப்படி ஆகவில்லை என்று நிரூபி. நிரூபித்தால் அட்டை. அதுவும் சின்னப் பிள்ளை என்றால் தற்காலிகச் சான்றிதழ்தான். கொஞ்ச வருஷம் கழித்துத் திரும்ப வந்து காட்ட வேண்டும். ஆட்டிசம் வாழ்நாள் முழுக்க இருப்பது என்று உலகத்து மருத்துவமெல்லாம் சொல்கிறது. நம் அலுவலகத்துக்கு மட்டும் ஒரு நம்பிக்கை: எதற்கும் அடுத்த முறை பார்ப்போமே, போயிருந்தாலும் போயிருக்கும்.

அந்த நாற்பது கேள்வியை அரசு அலுவலகத்துக்குப் போட்டுப் பார்க்க ஆசை வரும். கண்ணைப் பார்த்துப் பேசாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. ‘நாளைக்கு வாங்க’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லும். பழக்கத்தை மாற்றினால் கொந்தளிக்கும். இதை அந்தத் தாயிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “என் பையனை அவங்களோட சேக்காதீங்க சார். அவனுக்கு அடுத்தவங்களை அலைக்கழிக்கத் தெரியாது” என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

நோயும் இல்லை, வேறுபாடும் இல்லை, பாவம் என்று மூன்றாவது விடை ஒன்று உண்டு. இதற்குத் தனிக் கவுன்ட்டர் தேவையில்லை, மைக் போதும். 2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளர் வந்தார். தன்னம்பிக்கை ஊட்டுவதற்காகவாம். முன்ஜென்மத்துப் பாவத்தால்தான் குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு ஊட்டினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். அவரைப் பார்த்து மேடையிலிருந்து வந்தது வெறும் திமிர். செப்டம்பரில் காணொளி பரவியது. கைது நடந்தது. கண்டன அறிக்கைகள் பறந்தன. நல்லது. ஆனால் ஒரு அரசுப் பள்ளியின் வாசலுக்குள் அந்த மைக் தானாக நடந்து வரவில்லை. ஆட்டிசப் பிள்ளைக்குச் சேர்க்கை கேட்டால் ஆயிரம் ஆவணம் கேட்கும் பள்ளிக்கல்வி, பாவக்கணக்கு சொல்ல வந்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டாவது கேட்டதா?

பாவத்தின் பங்கு எப்போதும் பெண்ணுக்குத்தான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய மூளைகளே ‘ஃப்ரிட்ஜ் போன்ற தாய்’ என்றார்கள். அம்மாவிடம் பாசமில்லை, பிள்ளை உறைந்துவிட்டதாம். புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் ஒரு தடித்த புத்தகமே எழுதி அதற்குப் பேர் வாங்கினார். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துத் தடுப்பூசி மேல் பழி போட்டார். அந்தக் கட்டுரையை லான்செட் 2010இல் திரும்பப் பெற்றது; அவர் மருத்துவப் பதிவும் போனது. ஊசி போடக் கூட்டிப்போனது யார்? அம்மா. 2025 செப்டம்பரில் டொனால்ட் டிரம்ப் மேடையேறி, கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிடுவதைக் காட்டிக்கொடுத்தார். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மாத்திரை போட்டது யார்? அம்மா. நம் பட்டாபிராமில் மாமியார் இத்தனை ஆராய்ச்சி செய்யவில்லை. “வேலைக்குப் போறேன்னு குழந்தை கையில போனைக் குடுத்தா.” முடிந்தது தீர்ப்பு. ஃப்ரிட்ஜ் அம்மா, ஊசி அம்மா, மாத்திரை அம்மா, செல்போன் அம்மா. எண்பது வருஷத்தில் அப்பாவின் பெயர் ஒரு முதல் தகவல் அறிக்கையிலும் வரவில்லை.

குற்றவாளி கிடைத்துவிட்டாள். அடுத்து அபராதம் வசூலிக்க வருகிறவர்கள். இவர்களிடம் ஆட்டிசம் கண்டிப்பாக நோய். குணமாகும் நோய். தவணை வசதி உண்டு. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் பிடுங்குகிறார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதோ விளம்பரப்படுத்துவதோ தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லியாகிவிட்டது. விளம்பரம் செய்கிறவர்களுக்குப் படிக்க நேரமில்லை. ஒட்டகப் பால் பவுடர் இன்னொரு வரம். ஆவடியில் டாங்கி பார்க்கலாம், ஒட்டகம் பார்க்க முடியாது. ஆனால் பவுடர் வீடு தேடி வருகிறது. கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து, வருமானத்தை மட்டும் நிறுத்தாதே. வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகும்வரை குணமாகிக்கொண்டே இருக்கும்.

ஏப்ரல் 2 ஒருநாள் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக வேறுபாட்டுக்கு மாறிவிடுவார்கள். உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். நீல விளக்கு, நீல பலூன், நீல டீ-சர்ட். “இவர்கள் வித்தியாசமானவர்கள் அல்ல, விசேஷமானவர்கள்.” சத்தம் தாங்காத பிள்ளைகளைக் கௌரவிக்க ஸ்பீக்கர் பெட்டி வைத்து, செண்டை மேளம் வைத்து ஊர்வலம். ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளும். “போட்டோவுல அது வராம எடுங்க” என்று ஒரு குரல் கேட்கும். ஏப்ரல் 3 காலையில் விளக்கு அணையும். வேறுபாடும் அணையும்.

வேறுபாடு என்று சொல்கிறவர்களை நான் கேலி செய்யவில்லை. அதை முதலில் சொன்னது காப்பீடு மறுத்தவர்களும் பலூன் ஊதியவர்களும் அல்ல; ஆட்டிசம் உள்ளவர்களே சொன்னார்கள். 1993இல் ஜிம் சின்க்ளேர் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காக ஒப்பாரி வைக்காதீர்கள் என்றார். மைசூரில் வளர்ந்த டிட்டோ முகோபாத்யாய் என்ற சிறுவன் பேச்சு வராமலே எழுதிய புத்தகம் 2000இல் லண்டனில் வெளிவந்தது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று அவன் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. நம் சினிமா அதைப் புரிந்துகொண்ட விதம் வேறு. ‘ஹரிதாஸ்’ 2013இல் வந்தது. மனதார எடுத்த படம்தான். ஆனாலும் பையன் கடைசியில் மாரத்தான் ஓட வேண்டியிருந்தது. ஓடாத பிள்ளைக்குக் கைதட்டல் இல்லை. கணக்கில் புலியாக இரு, பியானோ வாசி, இருபது வருஷத்து நாள்காட்டியை ஒப்பி. அப்போதுதான் உன் வேறுபாட்டை நாங்கள் மன்னிப்போம்.

ஆனால் இன்னொரு வீடும் இருக்கிறது. பதினேழு வயதுப் பையன். ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில் தலையை மோதிக்கொள்கிறான். வலிப்பு வேறு. கீழ் வீட்டுக்காரர் ஹவுஸ் ஓனரிடம் போகிறார். ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்கிறார். அந்த அம்மாவிடம் போய் இது அழகான வேறுபாடு என்று சொல்லிப் பாருங்கள். “ஒரு ராத்திரி எங்க வீட்ல படுங்க, காலையில பேசலாம்” என்பார். அவர் சொல்வதும் நியாயம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் இந்தப் பையனையும் ஐ.டி.யில் வேலை பார்க்கும் கூச்ச சுபாவிப் பொறியாளரையும் ஒரே பெயருக்குள் போட்டது. ஒரே குடையின் கீழ் நிற்கிறார்கள். ஒருவர் மேல் தூறல், ஒருவர் மேல் பேய்மழை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு நோய். தூக்கமின்மைக்கு மருந்து உண்டு. ஆட்டிசம் நோய் அல்ல. அவன் பிறந்த விதம். அதோடு அது ஒரு குறைபாடும்கூட, கைதூக்கிவிட ஆள் வேண்டிய குறைபாடு. வேறுபாடு என்று ஒப்புக்கொண்டால் செலவு மிச்சம் என்று எந்தத் தணிக்கையாளர் சொன்னார்? கண்ணாடி போட்டவன் நோயாளி அல்ல. அதற்காக அவன் கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்கிறோமா?

பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைக்க இது நல்ல தலைப்பு. நோயே! இயல்பே! நடுவர் நகைச்சுவை சொல்லித் தீர்ப்பளிப்பார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கரும்பு கடிக்கலாம். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் ஆவடி அரசுப் பள்ளிக்கு ஒரு சிறப்பாசிரியர் கூடப்போவதில்லை. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மேலே பதினைந்துக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. பதவிகளை உருவாக்குங்கள் என்று 2025 மார்ச்சில் மறுபடியும் சொன்னது. இங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு ஓடுகிறார்கள். தேசியக் கல்விக் கொள்கைச் சண்டையில் தில்லி பள்ளிக்கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. தில்லி தரவில்லை என்று சென்னை சொல்கிறது. சென்னை கையெழுத்துப் போடவில்லை என்று தில்லி சொல்கிறது. அளவுகோலில் ‘சொன்னதையே சொல்வது’ என்று ஒரு கேள்வி பார்த்தோமே.

அரசு வேலையில் நான்கு சதவீத ஒதுக்கீடு. அதில் ஆட்டிசத்தின் பங்கு என்ன? ஒரு சதவீதம். அதையும் அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பந்தியில் ஒரே இலை, ஐந்து பேர். பட்டாபிராமில் 2024இல் இருபத்தொரு மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். தெரபி நடக்கும் அடுக்கு வீட்டுக்கு இன்னும் லிஃப்ட் இல்லை.

பதினெட்டு வயது முடிந்த அன்று இன்னொரு கூத்து. அவன் மேஜர். பெற்றவள் இனி சட்டப்படி காப்பாளர் அல்ல. ஆட்சியர் இருக்கும் குழுவுக்கு மனுப் போட்டு, நான்தான் இவன் அம்மா, என்னையே காப்பாளராகப் போடுங்கள் என்று கேட்க வேண்டும். ஒரு கவுன்ட்டரில், “பையன் மேஜர், அவரே கையெழுத்துப் போடணும்.” அடுத்த கவுன்ட்டரில், “அவரால கையெழுத்துப் போட முடியாதுன்னு சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்க.” இரண்டு கவுன்ட்டருக்கும் நடுவில் அவன் நின்று மின்விசிறியைப் பார்க்கிறான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. தேர்தல் நாள். அன்று அவனிடம் சதவீதம் கேட்பதில்லை, அளவுகோல் இல்லை, மாவட்ட எல்லை இல்லை. காலையிலேயே கட்சிக்காரர் வாசலுக்கு ஆட்டோ அனுப்பிவிடுவார். “தம்பி, வணக்கம்!” என்பார். தம்பியும் கணீரென்று வணக்கம் சொல்வான். விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் ஆட்டோ இருக்காது. திரும்பி வர அம்மாதான் காசு கொடுக்க வேண்டும்.